ஜெபத்தில் திரும்பிய வளையம்

அந்த லென்ஸை நான் அழகுக்காகத்தான் வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மிஷன் காலத்துச் சபை ஒன்றின் பக்கத்தில் வீடு. முன்னறைதான் ஸ்டுடியோ. சபையில் கல்யாணம், ஞானஸ்நானம், வீட்டுப் பிரதிஷ்டை, அடக்கம் எது நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ் ஆராதனைக்காரரும் கூப்பிடுவார்கள், மலையாள ஆராதனைக்காரரும் கூப்பிடுவார்கள். கர்த்தர் கிருபையால் வேலைக்குக் குறைவிருந்ததில்லை.

ஆனால் கொஞ்ச வருடமாக ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் நம் கேமராவைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் நம் முகத்தை. இளவயதுப் படக்காரர்கள் தவிட்டு நிறத் தோல்வாரில், மேல்பாகம் வெள்ளியாய் மின்னும் கேமராவை நெஞ்சில் தொங்கவிட்டு வந்து இறங்குகிறார்கள். பார்த்தால் ஐம்பது வருடப் பழசு போல இருக்கும். உள்ளே எல்லாம் புத்தம்புது எந்திரம். அதன் முன்னால் என் கருப்புக் கேமரா, மூக்கு நீண்ட சூம் லென்ஸோடு, மிக்ஸி ஜார் மாதிரி இருந்தது. கடற்கரையில் ஒரு ஜோடியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தோழி ஒருத்தி, தனுவச்சபுரத்தில் காலேஜ் படிக்கிறவள், "அங்கிள், இது ஆதார் கார்டுக்குப் படம் பிடிக்கிய கேமரா தானே?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே பைக்கில் வந்தது.

அந்த மாதமே லென்ஸை வாங்கினேன். கேமரா பழையதே போதும் என்று வைத்துக்கொண்டேன். லென்ஸ் ஒன்றை மாற்றினால் அதன் முகமே மாறிவிடும் என்று தெரியும். இப்போது வெளிநாட்டில் சில கம்பெனிகள் இதற்காகவே லென்ஸ் செய்கின்றன. செய்வது நேற்று, பார்வைக்கு மட்டும் பழசு. பெட்டியைத் திறந்ததும் கையில் ஏறிய கனம் இப்போதும் நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் பொட்டுக்கூட இல்லை, முழுக்க உலோகம். பித்தளை நிறத்தில் ஒரு முன்வளையம். தூரக் கணக்கு மீட்டரில் வெள்ளை எழுத்திலும் அடிக்கணக்கில் ஆரஞ்சு எழுத்திலும் கொத்தி வைத்திருந்தது. வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற வளையம் ஒன்று. அதைத் திருப்பினால் டிக், டிக் என்று ஒவ்வொரு படியாக விரலுக்குத் தெரியும். ஃபோகஸ் வளையமோ சத்தமே போடாது. எண்ணெயில் விட்டது போல, ஒற்றை விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு போகும். அதன் அடியில் விரல் வைக்கப் பிறைபோல ஒரு சின்னக் குழிவு.

என் வீட்டில் பழைய கேமரா ஒன்றும் இருந்ததில்லை. என் அப்பா கையில் கேமராவைத் தொட்டவரும் அல்ல. அதனால் பழைய நினைவு, பழைய காலம் என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது அழகாக இருந்தது, எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான். மெல்லிய பருத்தித் துணியால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை துடைத்தேன். என் வீட்டுக்காரி அடுக்களை வாசலில் நின்று இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

"வேதப்புத்தகத்துக்க அட்டைய இப்பிடி ஒரு நாளாவது தொடச்சதுண்டா?"

துணியை மடித்து வைத்தேன். ஆனால் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பீடத்தில் விரிக்கிற வெள்ளைத் துணிக்கு நம் சபைப் பெண்கள் உட்கார்ந்து ஓரம் தைக்கிறார்கள், மூலையில் திராட்சைக் குலை பின்னுகிறார்கள். பின்னாமல் விரித்தாலும் திருவிருந்து நடக்கத்தானே செய்யும்? பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று மனிதனுக்குள் ஒரு ஆசையைக் கர்த்தர்தானே வைத்தார்? இப்படியெல்லாம் யோசித்து என்னை நானே விடுவித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கிற வேலை ஒன்றும் இல்லாமலே கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. போனேன், அது உண்மை.

இந்த லென்ஸில் ஒரு காரியம் உண்டு. தெளிவை அது தானாகப் பிடிக்காது. நாம்தான் வளையத்தைத் திருப்பி, யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்மேல் நிறுத்த வேண்டும். முழுக்கத் திறந்து வைத்தால் பின்னணியெல்லாம் கரைந்து பால் மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் கல்யாண ஜோடிகளுக்கு இத்தனை ஆசை. ஆனால் அப்போது தெளிவாக இருக்கிற இடம் மிகவும் குறுகியது. ஐந்தடி தள்ளி ஒருவர் நின்றால் நாலு விரல் கனம்தான். கண்மணியில் நிறுத்தினால் காது மங்கிவிடும். சும்மா நிற்கிற ஆட்களை வைத்து ஒரு வாரம் பழகினேன். பழகியாயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. எங்கள் சபையில் ஒரு கொத்தனாரின் மகள். நர்ஸ் வேலைக்குப் படித்து முடித்தவள். மாப்பிள்ளை அயர்லாந்தில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து மூன்றே வாரத்தில் இருவரும் புறப்பட வேண்டும். அவளுடைய அப்பா இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது இரண்டாவது தடவையும் வந்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தப் பெண் தானே என் வீட்டுக்கு வந்தாள். ஆல்பத்தின் அளவு, அட்டை நிறம் எதையும் கேட்கவில்லை.

"மாமா, மத்த படமெல்லாம் நிங்களுக்கு இஷ்டப்பட்டது போல எடுங்க. எனக்கு ஒத்தப் படம் வேணும். பாஸ்டர் ஆசீர்வாத ஜெபம் செய்யும்ப அப்பாக்க கை எனக்க தலையில இருக்கும். அது. அத மட்டும் நான் அங்க கொண்டு போவேன்."

புது லென்ஸில் எடுத்துத் தருகிறேன் மக்கா, ஓவியம் போல இருக்கும் என்றேன். அவள் லென்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. சரி மாமா என்று போய்விட்டாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. படம் எடுக்கிறவர்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கிற மர அழிக் கிராதியைத் தாண்டக்கூடாது. ஜெபம் தொடங்கினால் வீடியோவை நிறுத்திவிட வேண்டும். போதகர் "ஆமென்" சொன்ன பிறகுதான் எந்திரங்களுக்கு உயிர் வரலாம். எனக்கு இது ஒருநாளும் பாரமாகத் தெரிந்ததில்லை. ஏனென்றால் யாராவது ஜெபம் என்று சொன்னால் என் கண் தானாக மூடிவிடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பஸ்ஸில் முன்சீட்டில் ஒருவர் ஜெபித்தாலும் மூடிவிடும். எத்தனையோ கல்யாணங்களில் நான் கண்ணை மூடி நின்று, ஆமென் கேட்டதும் திறந்து, அந்த நாலைந்து நொடிக்குள் எடுத்துவிடுவேன். ஆமென் சொன்ன உடனே யாரும் கையை எடுப்பதில்லை. அந்த நாலைந்து நொடி எனக்குப் போதும்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். பெண்ணும் மாப்பிள்ளையும் அழியின் முன்னால் முழங்காலில் நின்றார்கள். அவள் பாலராமபுரத்துச் சேலை, வெள்ளையில் மெல்லிய பொன்கரை. சக்கர நாற்காலியில் அப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். அம்மா அவருடைய வலது கையை இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, மகளின் தலையில் வைத்தாள். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கிற கை. நான் எட்டடி தள்ளி நின்று அந்தக் கையில் தெளிவை நிறுத்தினேன். கச்சிதமாக நின்றது. போதகர் ஜெபிப்போம் என்றார்.

கண்ணை மூடினேன். கேமராவை நெஞ்சோடு வைத்து, அதன்மேலேயே இரண்டு கையையும் குவித்துக்கொண்டேன்.

பழைய சூம் லென்ஸோடு நான் எப்போதும் அப்படித்தான் கை குவிப்பேன். அதில் வளையம் திரும்பினாலும் ஒன்றும் இல்லை, மறுபடி தானே பிடித்துக்கொள்ளும். இது அது அல்ல. போதகர் அந்த அப்பாவின் கையைக் குறித்து, அந்தக் கை எழுப்பிய சுவர்களைக் குறித்து ஜெபித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் என் விரல்கள் இன்னும் இறுகின, இன்னும் கோத்துக்கொண்டன. எண்ணெயில் விட்டது போன்ற அந்த வளையம் சத்தமில்லாமல் என் உள்ளங்கைக்குள் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆமென் என்றதும் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் நின்றது எனக்குத் தெரியும். அதனால்தான் மங்கல் என்று நினைத்தேன். கையில் நிறுத்தி வைத்திருக்கிறேனே, சந்தேகம் எதற்கு என்று ஏழு படம் அடுத்தடுத்து எடுத்தேன். பிறகு சொந்தக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். விருந்து, குடும்பப் படங்கள் என்று வேலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தச் சின்னத் திரையில் எடுத்ததைத் திரும்பப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருந்ததும் என் தப்புதான்.

வீட்டில் வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஏழு படத்திலும் முன்னால் வைத்திருந்த பூச்சாடியின் இலை, நரம்பு நரம்பாகத் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு புகை, அதன்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு கறை. புகை அந்தப் பெண். கறை அவளுடைய அப்பாவின் கை.

வீடியோக்காரர் பெண் முழங்காலில் நின்றபோதே ஜெபத்துக்காக நிறுத்திவிட்டார்; திரும்ப ஓடவிட்டபோது கை இறங்கிவிட்டிருந்தது. சொந்தக்காரர்கள் போனில் இருக்குமா என்று விசாரித்தேன். ஒரே ஒரு படம் கிடைத்தது. அதில் ஒரு பெரியம்மாவின் முதுகு மட்டும்தான். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அது நல்ல சபைக்கு அடையாளம். எனக்குத்தான் படம் இல்லை.

நெய்யாற்றின்கரையில் எனக்கு ஆல்பம் வடிவமைத்துத் தருகிற பெண்ணிடம் கொண்டுபோனேன். மங்கலை நேராக்குகிற புதிய மென்பொருள் வந்திருக்கிறது என்று அவள் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாள். கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினாள். பெண்ணின் முகம் தெளிவாக இருந்தது. தலையில் ஒரு கை. நேரான, திடமான, விரல்கள் நீண்ட கை. எந்திரம் எங்கிருந்தோ ஒரு நல்ல கையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

"அண்ணா, இனி ஆரும் கண்டுபிடிக்கத்தில்ல," என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு உதவத்தான் செய்தாள். ஒரு நிமிடம் அதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் அயர்லாந்தில் ஒரு அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பதை நினைத்தேன். யாருடையதோ ஒரு கையைப் பார்த்து அப்பா என்று அழுவாள். அழித்துவிடச் சொன்னேன். அவள் அழித்த பிறகுதான் எழுந்தேன்.

அங்கிருந்து நேராகக் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுப் போகலாம் என்றால் போகவே மாட்டேன் என்று தெரியும். மாப்பிள்ளை ஏதோ சான்றிதழ் வேலையாகத் திருவனந்தபுரம் போயிருந்தான். அம்மாவும் பெண்ணும் முன்னறையில் இருந்தார்கள். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கை குவித்ததையும் சொன்னேன், கண்ணில் தண்ணீர் நின்றதையும் சொன்னேன். ஏழு படத்தையும் காட்டினேன்.

அம்மா சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் ஏழையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கேமராவை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"கேமரா சோக்கு தான் மாமா. படம் தான் இல்ல."

கேமராவை எடுத்துப் பைக்குள் வைத்தேன். வேறு என்ன செய்ய? அம்மாதான் வழி ஒன்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சேலையை மறுபடி உடுத்து, இங்கேயே முழங்காலில் நின்று, அப்பா கையைத் தலையில் வைத்து எடுத்துவிட்டால் என்ன, ஆருக்குத் தெரியப்போகுது என்றாள். பெண் வேண்டாம் என்பதற்குள் ஜன்னலோரத்திலிருந்து சத்தம் வந்தது. அவர் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பியதும், ஒவ்வொரு சொல்லாக, செங்கல் வைப்பது போல வைத்தார்.

"ஜெபம்... நடிக்க... ஒக்காது."

ஜெபத்தை நடிக்க முடியாது; அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் புறப்பட எழுந்தேன். வாசல்வரை வந்தவனுக்கு, இவர்கள் வீட்டில் இன்னொரு ஜெபம் வர இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. எங்கள் பக்கத்தில் யார் தூரதேசம் போனாலும் புறப்படுகிற அன்று, பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, முன்னறையில் எல்லாரும் கூடி ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்பார்கள். போகிறவர் முழங்காலில் நிற்பார். வீட்டில் பெரியவர் தலையில் கை வைப்பார். நடிப்பல்ல அது. நானோ நீங்களோ கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது நடக்கும்.

திரும்பி வந்து கேட்டேன். அன்று நானும் வரட்டுமா என்று. அம்மா மகளைப் பார்த்தாள்.  வாங்க மாமா, ஆனா ஒரு தடவதான் என்றாள் மகள். ஒரு தடவைதான். அதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

இப்போது கேட்பீர்கள், பழைய சூம் லென்ஸை எடுத்துக்கொண்டு போனால் தீர்ந்ததே என்று. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். மறுநாளே அனுமதி கேட்டு அந்த முன்னறையில் போய்ச் சோதித்தேன். சின்ன அறை, ஒற்றை ஜன்னல். அதற்கும் வெளியே பலாமரம் நின்று பாதி வெளிச்சத்தைத் தின்றது. அந்த இருட்டில் சூம் லென்ஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருந்தது. உதவிக்குக் கேமரா ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டு முகத்தில் அடித்தது. ஜெபிக்கிறவர்கள் முகத்தில் அதை அடிப்பேனா? ஃப்ளாஷ் பேச்சுக்கே இடமில்லை. அந்த இருட்டிலும் வெளிச்சத்தை வாங்கப் போதுமான அகல வாய் அந்தப் புது லென்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. எந்த லென்ஸால் கெடுத்தேனோ அதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். பத்தொன்பது நாள் இருந்தது.

வீட்டுக்காரியின் தையல் டேப்பை எடுத்தேன். அந்த அறையில் நான் நிற்கப்போகிற மூலைக்கும் அவர் நாற்காலிக்கும் ஐந்தடி. ஐந்தடிக்கு வளையத்தின் பிறைக்குழிவு நேர்கீழே வரும். நாலடிக்குக் கொஞ்சம் இடப்பக்கம். ஆறடிக்கு வலப்பக்கம். இதை விரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் அவள் கறிவேப்பிலை உருவும்போது, மீன் கழுவும்போது, தலை பின்னும்போது ஐந்தடியில் நின்று அவள் கைகளை எடுத்தேன். முகத்தை அல்ல, கைகளை மட்டும். முதல் நாள் நூறு எடுத்தால் எண்பது மங்கல். கோழிகளை எடுத்தேன். அவை அசைந்துகொண்டே இருப்பதால் நல்ல பயிற்சி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பக்கத்து வீட்டுக்காரரின் கையை எடுத்தேன். இப்பம் கைக்குத்தான் மார்க்கெட்டோ என்று அவர் கேட்டார். ஆமா என்றேன்.

ஒரு வாரத்தில் எண்பது முப்பதாயிற்று. வளையம் மட்டும் இன்னும் வழுக்கியது. பயத்தில் விரல் நடுங்கினால் அதுவும் நடுங்கும். யோசித்துப் பார்த்து, பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலம் வெட்டி, லென்ஸின் மேல் இறுக்கமாக மாட்டினேன். பாதி வளையத்தின் மேலும் பாதி அசையாத பாகத்தின் மேலுமாக. இப்போது திருப்பினால் திரும்பும், தொட்டால் திரும்பாது. ஆனால் பித்தளை நிறமும் ஆரஞ்சு எழுத்தும் கருப்பு ரப்பருக்குள் போய்விட்டன. காதில் கடுக்கன் போட்ட மாப்பிள்ளைக்கு மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியது போல இருந்தது. கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இப்பமாக்கும் அது வேல செய்யிய சாதனம் போல இருக்கு," என்றாள்.

மிச்சம் இருந்தது என் கண்தான். ஆமென்னுக்குப் பிறகு எடுப்பதை நம்பி இனி நிற்க முடியாது. அம்மா தூக்கி வைத்த கை அங்கே எத்தனை நேரம் நிற்குமோ தெரியாது. ஜெபம் நடக்கும்போதே எடுக்க வேண்டும்; வீட்டில் சபையின் அந்த ஒழுங்கு இல்லை. அதற்குக் கண் திறந்திருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். எங்கள் வீட்டுக் காலை ஜெபத்தில் பழகிப் பார்த்தேன். வீட்டுக்காரி ஜெபிக்க ஆரம்பித்ததும் என் இமை இறங்கிவிடும். பலவந்தமாகத் திறந்து வைத்தால் களவு செய்வது போல நெஞ்சு அடித்தது. நாலாம் நாள் அவளிடமே சொன்னேன். கர்த்தருக்கு முன்னால் கண்ணைத் திறந்து நிற்க எனக்குக் கூசுகிறது, இது சரிப்படாது என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் இத்தன வருசமா காலத்த ஜெபத்தில ஒத்தக் கண்ண தொறந்து வச்சிட்டாக்கும் நிக்கியேன். அடுப்பில பால் இருக்கும். நிங்க கண்ண மூடிட்டு நிக்கியதுனால காணல்ல. பால் ஒரு நாளாவது பொங்கி வழிஞ்சதுண்டா?"

யோசித்தேன். வழிந்ததில்லை. எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்தாறு வருடம், ஒரு நாளும் வழிந்ததில்லை. அந்த ஜெபங்களையெல்லாம் கர்த்தர் கேட்காமலா எங்களை இதுவரை கொண்டுவந்தார்? மறுநாள் காலையில் நானும் திறந்து வைத்தேன். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புறப்படுகிற நாள் வந்தது. மத்தியானம் விமானம், காலை எட்டரைக்கு ஜெபம். வாசலில் வேன் நின்றது. நாலு பெட்டி, ஒன்றில் முழுக்க ஊறுகாயும் வறுத்த மீனும் என்று அம்மா சொன்னாள். மாப்பிள்ளை அதன் எடையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தான். முன்னறையில் போதகரோடு பதினைந்து பேர் இருக்கும். நான் என் மூலையில் போய் நின்றேன். கேமராவில் சத்தம் வராதபடி அமைத்தேன். கழுத்தில் தோல்வார் இல்லை, பழைய நைலான் வார்தான். யாரும் என் கேமராவைப் பார்க்கவில்லை.

சங்கீதம் வாசித்தார்கள். பெண் சாதாரணச் சுடிதாரில் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். அம்மா அந்தக் கையைத் தூக்கி வைக்கக் குனிந்தாள். அவர் தலையை அசைத்து அவளை விலக்கினார். தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, தானே தூக்கி, மகளின் தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்தார். அதற்கு அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவவில்லை. போதகர் ஜெபிப்போம் என்றார். அறையில் எல்லாத் தலைகளும் தாழ்ந்தன.

என் இமை இறங்கியது. ஏற்றினேன்.

பிறைக்குழிவு நேர்கீழே. ஐந்தடி. வளையம் அசையவில்லை. வாயைத் திறக்காமல், கர்த்தாவே என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன். கண்ணாடிக்குள் அந்தக் கை தெரிந்தது. சுருண்ட விரல்கள், பெருவிரல் நகத்தில் எந்தக் காலத்திலோ சுத்தியல் பட்ட கருப்பு. அவள் முடி அந்த விரல்களுக்குள் சிக்கியிருந்தது. எடுத்தேன். கொஞ்சம் வளையத்தைத் திருப்பி, கையிலிருந்து மேலே, அவர் முகத்துக்குப் போனேன்.

அவர் கண் திறந்திருந்தது.

அறையில் அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் குனிந்து மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்கவில்லை. வேதத்தில் ஊறிய மனிதர், ஜெபத்தில் கண் திறக்கிறவர் அல்ல. ஆனால் இன்னும் பத்து நிமிடம்தான் அவளைப் பார்க்க முடியும் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடி அந்தப் பத்து நிமிடத்தில் பாதியைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை நான் அதை நம்பவில்லை. விரலால் துடைத்துவிட்டு, குழிவு இருக்கிற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுத்தேன். மூன்று படம். பிறகு கேமராவை இறக்கிவிட்டு, ஆமென் வரை நானும் கண் திறந்தபடியே நின்றேன்.

வேனில் ஏறுவதற்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். திரையில் காட்டினேன். முதலில் கை இருக்கிற படம். அதைப் பெரிதாக்கி நகம்வரை பார்த்தாள். அடுத்ததைத் தள்ளினாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை.

"மாமா, அப்பா கண்ண மூடல்லியே."

"இல்ல மக்கா," என்றேன்.

இரண்டு படமும் தனக்கு வேண்டும், இரண்டாவதை அப்பா படுத்துக்கொண்டே பார்க்கிற மாதிரி வீட்டில் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறினாள். கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், எல்லாரும் படம் மாட்டுகிற உயரத்தில் ஆணி வைத்துக் காட்டினேன். அவர் இடது கையைக் கீழே அசைத்தார். ஒரு சாண் இறக்கினேன். மறுபடி அசைத்தார். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது போல என்று நினைத்து இன்னும் இறக்கினேன். அதுவும் போதவில்லை. கடைசியில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையணையோடு என் தலையைச் சரித்து, அவர் பார்ப்பது போலப் பார்த்தேன். எழுந்துபோய் ஆணியை இடுப்புக்கும் கீழே வைத்தேன். நிற்கிறவர்களுக்கு அது கோணலான இடம்.

அவர் பார்த்தார். கையை அசைக்கவில்லை. சுத்தியலை எடுத்தேன்.